இருவராய்க் கடற்கரைக்குப் போன கதை

கலியாணம் கட்டி முப்பது வருசத்தில் நானும் மனுசியும் தனியாக ஓரிடத்துக்குப் போய்த் தங்கினதே இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் எங்கட ஆக்களில் பாதிப்பேரின் கதை இதுதான். விடுமுறை என்றால் லண்டனில் ஒரு கலியாணவீடு, பாரிசில் ஒரு சாமத்தியவீடு, ஜெர்மனியில் ஒரு செத்தவீடு. கடற்கரைக்குப் போவதென்றால் நாலு வானில் இருபத்தைந்து சனம், கோழி சுடுகிற அடுப்பு, பாய், கிரிக்கெட் மட்டை, பெரிய சட்டியில் புரியாணி. திரும்பி வந்தபிறகு கடலைப் பார்த்தீர்களா என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

2023 செப்ரெம்பரில் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து, முப்பதாவது கலியாண நாளுக்கென்று மேற்குக் கரையில் ஐந்து நாளுக்கு ஒரு கோடைவீடு எடுத்துத் தந்தார்கள். ஒரேயொரு நிபந்தனை. வேறு ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போகக்கூடாது! மனுசிக்கு முதலில் பயம் பிடித்தது. "அஞ்சு நாளும் நாங்கள் ரெண்டு பேரும் என்னத்தைக் கதைக்கிறது?" என்று உண்மையாகவே கேட்டாள். பிறகு இடியப்ப உரல், சோறு காய்ச்சுகிற மின்சாரச் சட்டி, மிளகாய்த்தூள், பொரித்த மீன் எல்லாம் காரில் ஏறியதும் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

நாங்கள் போன இடத்தின் பெயர் புளோவண்ட். டென்மார்க்கின் நிலப்பரப்பில் மேற்கே இதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கரையின் மூக்கு நுனியில் 1900ஆம் ஆண்டு கட்டிய 39 மீற்றர் உயர வெளிச்சவீடு நிற்கிறது. உலகம் வட கடல் என்று சொல்வதை டெனிஸ்காரர் மேற்குக் கடல் என்கிறார்கள். மணல் என்றால் அப்படி ஒரு மணல்! வெள்ளை வெளேரென்று மாவு அரித்துக் கொட்டினமாதிரி, பார்வை எட்டும் தூரம் வரைக்கும். கொஞ்சம் வடக்கே வேயர்ஸ் என்ற இடத்தில் காரையே கடற்கரையில் ஓட்டிக்கொண்டு போகலாம். மணல் அவ்வளவு இறுக்கம்.

ஹோட்டல் கட்டடங்கள் இல்லை. 1937இலேயே கரையில் இருந்து 100 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று சட்டம் போட்டு, பிறகு 1990களில் அதை 300 மீற்றர் ஆக்கினார்கள். அதனால் மணல்மேடுகளுக்குப் பின்னால் நாணற்கூரை போட்ட சின்ன வீடுகள் மட்டும் ஒளித்திருக்கின்றன. வீடு எடுத்துத் தங்க வருகிறவர்களில் கனபேர் ஜெர்மன்காரர். எங்கள் பக்கத்து வீட்டிலும் ஒரு வயதான ஜெர்மன் சோடி, ஒரு நாயோடு. 1940இல் துவக்கோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது நாய்க்குட்டியோடு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டெனிஸ்காரருக்கு அந்தப் பயம் முழுக்கப் போகவில்லை. 1992இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான மாஸ்ரிக்ற் ஒப்பந்தம் எழுதியபோது, வெளியார் வந்து கோடைவீடு வாங்குவதைத் தடுக்கும் சட்டத்தை டென்மார்க் வைத்திருக்கலாம் என்று தனி இணைப்பு ஒன்றே எழுதி வாங்கினார்கள். ஒரு கண்டத்தை ஒன்றாக்கும் ஒப்பந்தத்தில் கடற்கரை வீட்டுக்கு ஒரு பக்கம்!

மனுசி வடமராட்சி கிழக்குப் பக்கம். மணற்காட்டுக்குக் கிட்ட. அவளுக்கு மணல் என்றால் பாடம். வந்த அன்று பின்னேரம் மேட்டில் ஏறி நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, இதுவும் நடக்கிற மணல்தான்" என்றாள். உண்மைதான். காற்றோடு நகர்ந்து ஊரையும் தோட்டத்தையும் மூடுகிற மணல். மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் பாதி புதைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டென்மார்க்கின் வடக்கு நுனியில் ஸ்காகன் என்ற ஊரிலும் அப்படி ஒரு தேவாலயம் இருக்கிறது. மணலோடு மல்லுக்கட்டிக் களைத்து 1795இல் கைவிட்டார்கள். கோபுரம் மட்டும் இன்றைக்கும் மணலுக்கு மேலே நிற்கிறது. எங்கள் ஊரில் மணலைப் பிடிக்கச் சவுக்கு நட்டார்கள், இங்கே ஒருவகைக் கோரைப்புல் நட்டார்கள். அந்தப் புல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வெட்டுமென்று கையை எடுத்தாள்.

இரண்டாம் நாள் காலமை கரையோரம் நடக்கும்போதுதான் அதைக் கண்டோம். தண்ணிக்குக் கிட்ட, மணலில் பாதி புதைந்த பெரிய கொங்கிறீற் கட்டி. அதற்கு இரும்பில் ஒரு தலையும் வாலும்.

"உதென்னப்பா, குதிரையோ?"

குதிரை அல்ல, கோவேறு கழுதை. கொங்கிறீற் கட்டி ஜெர்மன் ஆமி கட்டின பங்கர். 1995இல், போர் முடிந்த ஐம்பதாவது ஆண்டு நினைவுக்காக பில் வூட்றோ என்ற ஆங்கிலச் சிற்பி அந்தப் பங்கர்களுக்குத் தலையும் வாலும் வைத்துக் கழுதையாக்கிவிட்டார். ஏன் கோவேறு கழுதை? அதற்குக் குட்டி போடாது. இந்தப் பங்கர்கள் இனிமேல் இனம் பெருக்கக்கூடாதாம். மனுசி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "நல்ல யோசினைதான், ஆனால் எங்கட பக்கம் இப்பிடி வைக்க வெளிக்கிட்டால் இரும்பு காணாது" என்றாள்.

1940 ஏப்பிரல் 9ஆம் திகதி ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. 1945 மே 5 வரை ஐந்து வருசம். 1942இல் இருந்து நோர்வேயில் தொடங்கிப் பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லை வரைக்கும் 'அத்திலாந்திக் சுவர்' என்று கரை முழுக்கப் பீரங்கிகளும் பங்கர்களும் கட்டினார்கள். நேச நாட்டுப் படைகள் டென்மார்க்கில் வந்து இறங்கலாம் என்ற பயம். 1943 டிசெம்பரில் ரோமெல் நேரில் வந்து இந்தக் கரையைப் பார்த்துவிட்டுப் போனார். புளோவண்டிலேயே ராட்சதப் பீரங்கிகளுக்காகத் தொடங்கிய ஒரு பங்கர் முடியாமலே நின்றுபோனது. 2017இல் அதற்குப் பக்கத்தில் மணலுக்குக் கீழேயே ஒரு அழகான அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். பெரிய பகிடி என்னவென்றால், இந்தச் சுவரைக் கட்டியதில் டெனிஸ் ஒப்பந்தக்காரரும் ஆயிரக்கணக்கான டெனிஸ் கூலியாட்களும் இருந்தார்கள். நல்ல சம்பளம். போர் முடிந்தபிறகு அதைப்பற்றி யாரும் அதிகம் கதைக்க விரும்பவில்லை.

கொங்கிறீற்றை விடப் பெரிய விசயம் மணலுக்குள் இருந்தது. கண்ணிவெடி. டென்மார்க் முழுக்கச் சுமார் 14 இலட்சம், அதில் பெரும்பங்கு இந்த மேற்குக் கரையில். நாங்கள் பாய் விரித்துப் படுத்த இதே வெள்ளை மணல். 1945 மே மாதம் ஜெர்மன் படை சரணடைந்தது. இதை யார் கிண்டி எடுப்பது? வைத்தவன்தான் எடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. போர்க்கைதிகளை ஆபத்தான வேலைக்கு விடக்கூடாது என்று 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இவர்கள் போர்க்கைதிகள் அல்ல, 'சரணடைந்த படையினர்' என்று பெயரை மாற்றினால் சரி! பெயரை மாற்றிச் சட்டத்தைத் தாண்டுகிற வித்தையை நாங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறோம், இங்கேயும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மன் ஆட்கள் கம்பியால் மணலைக் குத்திக் குத்தி எடுத்தார்கள். சில மாதங்களில் பெரும்பாலான வேலை முடிந்தது. 149 பேர் செத்தார்கள். படுகாயப்பட்டவர்கள் இன்னும் 165 பேர். பலர் மீசை முளைக்காத பொடியள், போரின் கடைசி மாதங்களில் ஹிட்லர் அள்ளிக்கொண்டு வந்தவர்கள். ஐம்பது அறுபது வருசமாக டென்மார்க்கின் பாடப்புத்தகங்களுக்கு இது பெரிதாக எட்டவில்லை. 2015இல் மார்ட்டின் சாண்ட்விலீற் எடுத்த படம் ஒன்று வந்து, ஒஸ்கார் போட்டி வரைக்கும் போனபிறகுதான் கனபேர் கேள்விப்பட்டார்கள்.

புளோவண்டுக்குத் தெற்கே ஸ்கலிங்கன் என்று ஒரு மணல் முனை இருக்கிறது. 1945இல் அங்கே முழுதாக எடுத்து முடிக்க முடியவில்லை, கடல் மணலை அள்ளி அள்ளி மூடிவிட்டது. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடு என்றபடியால் 2006க்குப் பிறகு திரும்பவும் தொடங்கி, 2012இல்தான் டென்மார்க் வெடியில்லாத நாடு என்று அறிவித்தார்கள். 67 வருசம்! உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்றுக்கு 67 வருசம். அன்றிரவு இதைச் சொன்னபோது மனுசி விரலை மடித்துக் கணக்குப் பார்த்தாள். "அப்ப எங்கட முகமாலைக்கு?" 2009ஓடு 67ஐக் கூட்டினால் 2076. இலங்கை அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்ததே 2017 டிசெம்பரில்தான். அவளுடைய சித்தப்பாவின் மகன் பனங்காணிக்குள் விறகு பொறுக்கப் போய்ப் பாதத்தைக் கொடுத்தவன். அதன்பிறகு அவள் அடுத்தநாள் மணலில் நடக்கும்போது நான் முன்னுக்குப் போக, என் கால் பதிந்த இடத்தில் கால் வைத்து நடந்தாள். பகிடிக்குத்தான். ஆனால் முழுக்கப் பகிடி இல்லை.

மூன்றாம் நாள் மழை. வீட்டுக்குள் இருந்து கோப்பி குடித்துக் குடித்து அலுத்துப்போய், காரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒக்ஸ்பூலுக்குப் போனோம். பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம். சின்னக் கிராமம். கிராமத்துக்குப் பக்கத்தில் காடு. அந்தக் காட்டுக்குள் ஒருகாலத்தில் 35,000 அகதிகள் இருந்தார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். அந்த நேரத்து டென்மார்க்கின் பெரிய நகரங்கள் வரிசையில் ஐந்தாவதோ ஆறாவதோ இடத்தில் வந்திருக்கும்.

1945 தொடக்கத்தில் சோவியத் படை கிழக்குப் பிரஷ்யாவுக்குள் புகுந்தபோது, அங்கிருந்த ஜெர்மன் சனம் உறைபனிக்குள்ளால் ஓடிக் கப்பலேறியது. அந்தக் கப்பல்களில் வந்த சுமார் இரண்டரை இலட்சம் பேரை ஜெர்மன் ஆமி டென்மார்க்கில் கொண்டுவந்து இறக்கியது. அப்போது டென்மார்க்கின் மொத்தச் சனத்தொகை நாற்பது இலட்சம். பதினாறு டெனிஸ்காரருக்கு ஒரு அகதி. அதுவும் ஐந்து வருசம் தங்களை மிதித்த எதிரியின் பெண்டுபிள்ளைகள். பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் அடைத்தார்கள். மே மாதம் விடுதலை கிடைத்ததும் முட்கம்பி போட்ட முகாம்களுக்கு மாற்றினார்கள். அதில் பெரியது ஒக்ஸ்பூல், ஜெர்மன் ஆமியின் பழைய பயிற்சி முகாம். டெனிஸ்காரர் அவர்களோடு கதைக்கக்கூடாது, பழகக்கூடாது. உள்ளே பள்ளிக்கூடம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, நாடகமேடை கூட இருந்தது. வெளியே போக மட்டும் முடியாது. ஜெர்மனியைப் பங்குபோட்டு வைத்திருந்த நேச நாடுகளும் இவர்களைத் திருப்பி எடுக்க அவசரப்படவில்லை. 1946 நவம்பரில்தான் முதல் தொகுதி புறப்பட்டது. கடைசி ஆள் போனது 1949 பெப்ரவரியில்.

முகாமின் ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருந்த இரண்டு கட்டடங்களை வளைந்த புதுக்கட்டடம் ஒன்றால் இணைத்து 2022இல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். பெயர் 'புளுக்ட்'. டெனிஸில் தப்பியோடுதல் என்று அர்த்தம். அகதி அனுபவத்துக்காகவே ஒரு அருங்காட்சியகம். உள்ளே நுழைவுச்சீட்டு வாங்கும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. காசு கொடுத்து எங்கள் சொந்தக் கதையைப் பார்க்கப் போகிறோமோ என்று.

அருங்காட்சியகத்தை விட அங்கே இருக்கிற கல்லறைத் தோட்டம்தான் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தியது. 1,796 பேர். அதில் 121 பேர் படையினர், மிச்சம் 1,675 பேரும் அகதிகள். மனுசி சிலுவைகளில் இருந்த திகதிகளை வாசித்துக்கொண்டு போனாள். கொஞ்சத் தூரத்தில் நின்றுவிட்டாள். "இஞ்ச பாருங்கோ, 1944, 1945. இதுவும் 1944, 1945." அவள் எத்தனையோ வருசம் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தவள். ஒரு வயசுப் பிள்ளை என்றால் அவளுக்கு அது எவ்வளவு பாரம் என்று கை சொல்லும்.

கிர்ஸ்ரன் லில்லொவ் என்று ஒரு டெனிஸ் வைத்தியர். பிறகு வரலாறு படித்து ஆய்வாளரானவர். 1990களின் கடைசியில் இருந்து இந்தக் கல்லறைகளைக் கணக்கெடுத்து எழுதினார். 1945ஆம் ஆண்டில் மட்டும் டென்மார்க்கில் 13,000க்கு மேற்பட்ட ஜெர்மன் அகதிகள் செத்திருக்கிறார்கள், அதில் சுமார் 7,000 பேர் ஐந்து வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். ஜெர்மன் அகதிகளுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை என்று டெனிஸ் வைத்தியர் சங்கம் 1945 மார்ச்சில் எடுத்த முடிவையும் அவர் வெளியே கொண்டுவந்தார். நாடே கொதித்தது. பிள்ளைகள் வரும்போதே அரைஉயிரில்தான் வந்தார்கள், குளிரும் பசியும் வயிற்றோட்டமும் கப்பலிலேயே தொடங்கிவிட்டன, எல்லாவற்றையும் வைத்தியர் தலையில் போடமுடியாது என்று மற்ற வரலாற்றாசிரியர்கள் மறுத்தார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று. இதே சனம்தான் அதற்குப் பதினெட்டு மாதத்துக்கு முன்னம், 1943 ஒக்ரோபரில், 7,000க்கு மேற்பட்ட யூதர்களை இரவோடிரவாக மீன்பிடி வள்ளங்களில் ஏற்றிச் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றியது. அதைப்பற்றிப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளும் படித்தார்கள். ஒக்ஸ்பூலைப்பற்றி அவர்கள் படிக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் எனக்கு மனதில் பதிந்தது புருசன் பெண்சாதி விசயம். முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளும். புருசன்மார் போர்முனையில், சோவியத் சிறையில், அல்லது மண்ணுக்குள். ஆரம்பத்தில் ஜெர்மனிக்குக் கடிதம் எழுதவும் அனுமதி இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் மாதக்கணக்காக, வருசக்கணக்காகக் காத்திருந்தார்கள். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் காற்றில் உப்பு மணக்கும் தூரம்தான். இன்றைக்கு அதே காட்டைத் தாண்டிச் சோடி சோடியாக ஜெர்மன் சனம் கடற்கரைக்குப் போகிறது.

காரில் திரும்பும்போது இரண்டு பேரும் கதைக்கவில்லை. எனக்கு எங்கள் அண்ணர் ஒருவருடைய ஞாபகம் வந்தது. சொந்த அண்ணன் இல்லை. 1986இல் கிழக்கு பேர்லினுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து டென்மார்க்குக்குள் நுழைந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அடுத்த வருசம் யூலன்ட்டில் ஒரு சின்ன ஊரில் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். மூன்று பேர் என்னைப்போலக் கலியாணம் கட்டாத பொடியள். அண்ணருக்கு மட்டும் யாழ்ப்பாணத்தில் மனைவியும் ஒரு மகளும். அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பமும் போட்டுவிட்டார். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குத் தபால்காரன் மஞ்சள் சைக்கிளில் வருவான். அண்ணர் பத்துக்கு முன்னமே வாசலில் நிற்பார். எங்களுக்கு அது பகிடி. "அண்ணை, தபால்காரன் உங்களைக் கலியாணம் கட்டப்போறான்" என்று சொல்லுவோம். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

1987 ஒக்ரோபரில் இந்திய ஆமியோடு சண்டை தொடங்கியது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் சுட்டது அந்த மாதம் 21, 22ஆம் திகதிகளில். அண்ணரின் மனைவி இருந்த வீடு ஆஸ்பத்திரியில் இருந்து அதிக தூரம் இல்லை. தொலைபேசி இல்லை, கடிதமும் வரவில்லை. அண்ணர் சாப்பிடாமல் வானொலியைக் காதுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஆறு கிழமை கழித்து ஒரு கடிதம் வந்தது.

அந்தக் காலத்தில் கொப்பன்ஹேகனில் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். 1983ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டப்படி, ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதி மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவது ஒரு உரிமை. யாருடைய தயவும் அல்ல. 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும், இனி அங்கே சமாதானம்தானே, தமிழர் திரும்பிப் போகலாம் என்ற எண்ணத்தில் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் செப்ரெம்பரில் தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை அப்படியே கிடப்பில் போடச் சொன்னார். சட்டத்தை மாற்றவில்லை. பாராளுமன்றத்தைக் கேட்கவில்லை. கோப்புகளைத் தொடவேண்டாம் என்பதுதான் கட்டளை. 1989 தொடக்கத்தில், அவர் பதவி மாறியபிறகுதான் கோப்புகள் திரும்பவும் அசையத் தொடங்கின. அண்ணரின் கோப்பு அந்தக் குவியலில் கிடந்ததோ வேறெங்கும் கிடந்ததோ, அது அண்ணருக்கே தெரியாது.

அதே வருசம் ஏப்பிரலில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பாராளுமன்றத்தில் எழும்பி, கம்பளத்துக்குக் கீழே ஒன்றையும் கூட்டித் தள்ளவில்லை என்று சொன்னார். டென்மார்க்கில் இன்றைக்கும் எல்லாருக்கும் தெரிந்த வசனம் அது. நீதிபதி மோன்ஸ் ஹோன்ஸ்லெட் தலைமையில் விசாரணை நடந்து, 1993 ஜனவரியில் சுமார் 6,000 பக்க அறிக்கை வந்தது. கம்பளத்துக்குக் கீழே நிறையக் கிடந்தது! பத்து வருசத்துக்கு மேல் பிரதமராக இருந்த ஸ்லூட்டர் பதவியை விட்டார். அமைச்சர்களை விசாரிக்கிற 'ரிக்ஸ்ரெட்' என்ற விசேட நீதிமன்றம் 1910க்குப் பிறகு முதன்முறையாகக் கூடி, 1995இல் நின்-ஹன்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. டெனிஸ் மொழியில் இதற்குப் பெயரே 'தமிழர் வழக்கு'. ஒரு நாட்டின் அரசாங்கம் எங்கள் பெண்டுபிள்ளைகளின் விண்ணப்பத்தால் விழுந்தது என்று ஊரில் சொன்னால், வெளிநாட்டுக்காரன் அளக்கிறான் என்பார்கள்.

அதோடு பாடம் படித்திருப்பார்கள் என்று நானும் நினைத்தேன். 2016இல் குடிவரவு அமைச்சர் இங்கர் ஸ்டொய்பேர், அகதி முகாமுக்கு வருகிற சோடிகளில் ஒருவர் பதினெட்டு வயசுக்குக் குறைவென்றால் எல்லாரையும் விதிவிலக்கில்லாமல் பிரிக்கவேண்டும் என்றார். 23 சோடிகளைப் பிரித்தார்கள். சிறுவயதுத் திருமணத்துக்கு நானும் எதிரிதான். அதில் வற்புறுத்திக் கட்டிவைத்த பிள்ளைகளும் இருந்திருக்கலாம், அவர்களைப் பிரிப்பது காப்பாற்றுவதுதான். ஆனால் ஒவ்வொரு சோடியையும் தனித்தனியாகக் கேட்டு விசாரிக்கவேண்டும் என்பது சட்டம். ரிக்ஸ்ரெட் திரும்பக் கூடியது. 2021 டிசெம்பரில் 60 நாள் சிறைத்தண்டனை. அதே வருசம் ஜூலையில்தான், மனைவியைக் கூப்பிட விண்ணப்பிக்கவே மூன்று வருசம் காத்திரு என்று ஒரு சிரிய வைத்தியரிடம் சொன்னது பிழை என்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் டென்மார்க்குக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1910க்குப் பிறகு இந்த நாட்டில் ரிக்ஸ்ரெட் தண்டித்த அமைச்சர்கள் இரண்டே இரண்டு பேர். களவுக்கு இல்லை, இலஞ்சத்துக்கு இல்லை. இரண்டும் அகதிச் சோடிகளைப் பிரித்து வைத்ததற்கு. இதை எப்படி எடுப்பது என்று எனக்குள்ளேயே இரண்டு ஆள் சண்டை பிடிக்கிறான்கள். ஒருவன், பார் எங்களை எப்படி நடத்தினார்கள் என்கிறான். மற்றவன், அமைச்சரையே கூண்டில் ஏற்றினார்களே, உன்ர ஊரில் ஏற்றுவார்களா என்கிறான். ஸ்டொய்பேர் தண்டனை முடிந்து புதுக்கட்சி தொடங்கி 2022 தேர்தலில் வென்று திரும்பப் பாராளுமன்றத்துக்கு வந்துவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். அதைக் கேட்டால் இரண்டு பேரும் வாயை மூடுகிறான்கள்.

நாலாம் நாள் வெயில் எறித்தது. காற்றும் இறங்கிவிட்டது. மனுசி காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுத் தண்ணிக்குள் இறங்கினாள். செப்ரெம்பர்த் தண்ணி, குளிர் எலும்பில் கடிக்கும். "எங்கட கடல் இளஞ்சூடு" என்று கத்திக்கொண்டே நின்றாள், வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டு ஜெர்மன் சோடியின் நாய் ஓடிவந்து அவளைச் சுற்றிக் குரைத்துவிட்டுப் போனது. கழுதைக்குப் பக்கத்தில் பாயை விரித்து, இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். சம்பலுக்குள் மணல். கழுதையின் நிழல் மத்தியானம் வரைக்கும் காணும்.

பின்னேரம் அண்ணருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவரின் மனைவியும் மகளும் 1989 கோடையில் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகள் அவரை 'மாமா' என்று கூப்பிட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டவன். இப்போது அவர்கள் ரொறன்ரோவில். அங்கே காலமை.

"எங்க நிக்கிறாய்?"

"கடற்கரையில அண்ணை. நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்."

"ரெண்டு பேரும் மட்டுமோ?" கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நாங்களும் ஒருக்காலும் உப்பிடிப் போகேல்லையடா. அவ வந்த உடன வேலை, பிறகு பிள்ளையள், பிறகு அம்மாவைக் கூப்பிட்டது... தண்ணி எப்பிடி?"

"குளிர் அண்ணை."

அதற்குள் மனுசி ரெலிபோனைப் பறித்து, அக்காவைக் கூப்பிடச் சொல்லி, அடுத்த வருசம் நாலு பேரும் இதே வீட்டை எடுப்போம் என்று திட்டம் போடத் தொடங்கிவிட்டாள். பிள்ளைகளின் நிபந்தனையை ஞாபகப்படுத்தினேன். கையால் பொத்திக்கொண்டு, "அவையள் ரெண்டு பேர், நாங்கள் ரெண்டு பேர், அது வேற கணக்கு" என்றாள். அரைமணித்தியாலத்துக்கு மேல் அவள் கதைத்துக்கொண்டே கரையோரம் நடந்து போக, நான் சாப்பாட்டுச் சாமான்களை மணல் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.